துண்டு முடிந்த அப்லெட்

போன மாதம் தோட்ட ஆபீஸிலிருந்து கவிதா எனக்குப் போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் மேசையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை.

“அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, ஒரு நடை வந்துட்டுப் போங்க. மழைப் பக்கத்தைப் புதுசா மாத்திட்டாங்க.”

மாத்திட்டாங்க என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். சோறு இறங்கவில்லை. “வேலைக்குத்தான் ஓய்வு குடுத்தாங்க, ஒங்க பயத்துக்கு யாரும் குடுக்கலையே” என்று பாக்கியம் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பாக்கியம் என் மனைவி.

மழைப் பக்கம் என்பது இன்டர்நெட்டில் ஒரு பக்கம். எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே இருக்கும் சரிவில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, அங்கே உள்ள வெடிப்பு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று காட்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் லயத்தை விட்டு வெளியேறு.

கவிதா தன் போனிலேயே அதைத் திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மலைப் படம் வந்து நின்றது, மூலையில் கடிகார முள் ஓடியது.

“எதையும் இறக்க வேணாம், எதுக்கும் யெஸ் அமத்த வேணாம். வெப் அசெம்ப்ளின்னு சொல்றாங்க. கொழும்புலேருந்து புரோகிராமே வந்து நம்ம போனுக்குள்ள ஓடுது. எந்த மெஷினா இருந்தாலும் ஓடும்.”

“சரி, துண்டை யாரு பாக்குறா?” என்று கேட்டேன்.

“என்னா துண்டு?” என்றாள். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “அண்ணே, அந்தக் கதையை எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுவோம்” என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் மலரைச் சரிபார்க்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடந்தால் எங்கள் தோட்டம். பதினாறு வயதில் ஆபீஸில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு மழை அளப்பது. ஆபீஸ் பின்பக்கம் வேலி போட்ட இடத்தில் செம்புப் புனலும் உள்ளே போத்தலும் இருக்கும். காலை எட்டரைக்குப் போத்தல் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மட்டத்தைப் பார்த்து, புத்தகத்தில் எழுத வேண்டும். எட்டரை என்றால் எட்டரை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிளாக்கர் சவரிமுத்து ஐயா. உயரமான மனிதர், குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கும் நேரத்தில் நமக்கு வேர்த்துவிடும். “தண்ணி ஓரத்துல ஏறி நிக்கும் ராமையா. நடுவுல குழிஞ்சிருக்கும். குழிஞ்ச எடத்தைப் படிக்கணும். கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டு போ, தண்ணியை ஒன் கண்ணுக்குத் தூக்காதே” என்பார். நான் குனிந்து மூன்று தடவை பார்ப்பேன். எழுதிய பிறகு நாலாவது தடவையும் பார்ப்பேன். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஐயா ஒரு நாளும் செய்ததில்லை.

பிறகு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தூசி தட்ட என்னை விட்டார்கள். தூசி தட்டியவன் தட்டச்சுக்குப் போனேன், தட்டச்சிலிருந்து ஈமெயிலுக்கு. அப்படியே வருஷங்கள் ஓடி, மெஷினில் எது நின்றாலும் “ராமையாவைக் கூப்பிடு” என்று ஆனது. நடுங்கிக்கொண்டேதான் போவேன். ஆனால் போவேன்.

ஒரு மழைக்காலத்தில் கீழ் லயத்துக்கு மேலே சரிவில் வெடிப்பு விழுந்தது. இருபத்திரண்டு காம்பரா உள்ள லயம், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இருபதாவது காம்பரா எங்களுடையது. கொழும்பிலிருந்து மண்சரிவுத் தடுப்புத் திட்டத்துக்காரர்கள் வந்து, சரிவின் உச்சியில் தானாக அளக்கும் மழைமானி ஒன்றையும், வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கம்பியையும் போட்டார்கள். அவை அனுப்பும் கணக்கைக் காட்டத்தான் மழைப் பக்கம்.

முதல் நாள் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் படம் வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. இந்த அப்லெட்டை ஓட விடவா என்று கேட்டது. பக்கத்தோடு வந்து நம் மெஷினில் ஓடும் குட்டிப் புரோகிராம்தான் அப்லெட். யெஸ் அமத்தப் போனவன் கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அதற்கு முன்பே ஒரு சூடு விழுந்திருந்தது. பாட்டு இறக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் இதே மாதிரிக் கேள்வி வர, இரண்டாம் கிளாக்கர் யோசிக்காமல் யெஸ் போட்டார். அது ஆக்டிவ்-எக்ஸ் என்று வேறு ஜாதி. உள்ளே விட்டால் மெஷின் முழுக்கக் கை வைக்கக்கூடியது. அனுப்பியவன் யாரென்றே தெரியாது. வைரஸ் போக ஒரு வாரம் மெஷினைத் துடைத்து, அழிந்துபோன பெயர்ப் பட்டியல் முழுவதையும் நான் திரும்ப அடித்தேன்.

அதனால் சவரிமுத்து ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒங்க தாத்தன் காலத்துல ஒரு ஆளு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனா என்னா கொண்டு போகணும்?”

“துண்டுங்க ஐயா.” தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். பழைய தோட்டத்துத் துரை, அதாவது மானேஜர், எழுதிக் கொடுக்கும் சீட்டு. இந்த ஆளை நான் அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கும். துண்டு இல்லாதவனைப் புதுத் தோட்டத்தில் பெயர் பதிய மாட்டார்கள்.

“அந்தத் துண்டு ஆளைக் கட்டிப் போட்ட துண்டு. அதுல எனக்குப் பெருமை இல்லை. ஆனா இந்த எடத்துக்கு நல்லாப் பொருந்துது. இந்தா பாரு, இது வெளியூர்லேருந்து வந்து நம்ம மெஷின்ல வேலை செய்யக் கேக்குற ஆளு. கையில துண்டு வச்சிருக்கு. படி. யாரு அனுப்புனது? எது வரைக்கும் செல்லும்? எதைத் தொட விடணும்னு கேக்குது?”

எழுத்துக்கூட்டிப் படித்தேன். அனுப்பியது திட்டத்துக்காரர்கள். நாலு வருஷம் செல்லும். சர்வரில் இருந்து கணக்கை வாங்கி வரைந்து காட்டும், வேறு எதையும் தொடாது.

“வேலிக்குள்ள நின்னு வேலை செய்யுற ஆளு. விடு” என்றார். அந்த மூன்று கேள்விகளையும் அட்டையில் எழுதி மெஷின் தலையில் ஒட்டச் சொன்னார். கீழே ஒரு வரி தன் கையாலேயே சேர்த்தார்: துண்டு முடிந்தால் யெஸ் கிடையாது.

அப்லெட், ஆக்டிவ்-எக்ஸ், ஃபிளாஷ், பக்கத்தோடேயே பிறந்து வரும் ஸ்கிரிப்ட் என்று எத்தனையோ வகை வந்துபோயின. எது வந்தாலும் அந்த அட்டையில் எழுதிய மூன்றையும் கேட்டுத்தான் நான் விட்டேன். ஐயா ஓய்வுக்குப் போகும் அன்று, புது மெஷின் வந்ததால் மூலைக்குப் போன பழைய மெஷினைக் காட்டி, “இதைத் தூக்கிப் போடாதே. அப்டேட்டும் பண்ணாதே. ஆறு மாசம் வச்சிரு” என்றார். நான் மூன்று வருஷம் வைத்திருந்தேன். ஸ்டோரில், ரெக்சின் துணி போட்டு மூடி.

என் தலைகுனிவையும் சொல்லிவிட வேண்டும். மழைப் பக்கம் வந்த முதல் வருஷம் ஒரு நாள், ஒரு வாரத்துக்கான மொத்த மழையை ஒரு நாள் மழை என்று படித்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர்.  தேயிலை பெக்டரிக்கு ஓடி அபாயச் சங்கை ஊத வைத்தேன். சனம் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஏறியது. மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அடித்தது.

அன்றிலிருந்து என் பெயர் சங்கூதி ராமையா. சங்கு ஊதுவது எந்த வீட்டில் என்று உங்களுக்கே தெரியும். “சங்கூதி வாறாரு, யாரு வீட்டுலய்யா?” என்று தண்ணிக் குழாயடியில் கேட்பார்கள். என் மகளின் கல்யாணப் பந்தலில்கூட ஒருவர் கேட்டார்.

அதற்குப் பிறகு எட்டரை மணிப் புத்தகத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் கண்ணாடிக் குழாயில் நான் பார்த்தது. மறுபக்கம் மழைப் பக்கம் சொல்வது. சரிவின் உச்சியும் ஆபீஸும் வேறு வேறு இடம் என்பதால் சின்ன வித்தியாசம் இருக்கும். பெரிய வித்தியாசம் வந்தால் ஒன்று பொய். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கொழும்பு ஆபீஸ் மூடல். பெரிய துரை லீவில் போயிருந்தார். தோட்டத்தில் சின்னதுரை மட்டும்தான் பொறுப்பு. கண்டியில் படித்து வந்த தமிழ்ப் பிள்ளை, வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நாலு நாளாக விடாத மழை. வேலை இல்லாததால் சனம் எல்லாம் லயத்தில் இருந்தது.

எட்டரைக்குக் கண்ணாடிக் குழாயில் அறுபத்தொரு மில்லிமீட்டர். உள்ளே வந்து மழைப் பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டு. பச்சை.

என் குழாய்தான் தவறு என்று நினைத்தேன். பத்து மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். கூடியிருந்தது. பக்கத்தில் அதே பன்னிரண்டு. பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டு. அப்போதுதான் மூலையில் இருந்த சின்னக் கடிகாரத்தைக் கவனித்தேன். அந்த அப்லெட்டில் ஒரு வினாடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடவில்லை. கடிகாரம் பத்து பத்தில் நின்றது.

சின்னதுரையிடம் போனேன்.

“என் மெஷின்லயும் பாத்தேன் ராமையா. பச்சைதானே.”

“பச்சைதான் தொரை. ஆனா அது உசிரோட இருக்குற பச்சை இல்லை. முள்ளு ஓடலை.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சங்கூதிக் கதை அவர் காது வரை போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அவர் கெட்டவர் இல்லை. கொழும்புக்கு மூன்று தடவை போன் அடித்தார். எடுக்க ஆள் இல்லை. “பச்சை காட்டுறப்ப நான் எப்புடிச் சங்கு ஊதுறது? இன்னொரு தடவை பொய்யாப் போனா அடுத்த தடவை ஒருத்தரும் வர மாட்டாங்க. நிச்சயமா ஏதாவது காட்டுங்க” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அப்டேட் ஆகாத பழைய மெஷின் ஞாபகம் வந்தது. மழையில் நனைந்துகொண்டே ஸ்டோருக்கு ஓடி, ரெக்சினை இழுத்து, நெட் கம்பியை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அது கண் விழிக்க எட்டு நிமிஷம் எடுத்தது. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கும்பிட்டு முடித்துவிட்டேன். பக்கத்தைத் திறந்தேன். படம் வரவில்லை. கேள்வி வந்தது. முதல் நாள் பார்த்த அதே கேள்விப் பெட்டி, ஆனால் மேலே மஞ்சள் முக்கோணம். அந்த அப்லெட்டின் கையெழுத்து நேற்றோடு காலாவதி.

ஆபீஸுக்கு ஓடினேன். மூச்சு வாங்க, “தொரை, துண்டு முடிஞ்சிருச்சு!” என்றேன்.

சின்னதுரை என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நாற்காலி முதுகில் போட்டிருந்த தன் துண்டை எடுத்து நீட்டினார். “இந்தாங்க, இதால தொடைங்க. மொதல்ல தலையைத் தொடைங்க, சளி புடிச்சிரும்.”

நான் சொன்னது எந்தத் துண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு துரையின் கையைப் பிடித்து இழுத்தது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான். ஸ்டோருக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். அவர் படித்தார். திரைக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையையும் படித்தார்.

“துண்டு முடிந்தால் யெஸ் கிடையாதுன்னு நீங்களே ஒட்டி வச்சிருக்கீங்களே?”

“ஆமாங்க.”

“அப்ப?”

அவ்வளவு வருஷத்தில் அந்த வரியை நான் மீறியதே இல்லை.  ஐயா பக்கத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு, படி என்பார். படித்தேன், சத்தமாக. யார் அனுப்பியது? அதே ஆள், அதே பெயர். எதைத் தொடக் கேட்கிறது? கணக்கை வாங்கிக் காட்ட மட்டும். எது வரைக்கும்? நேற்று வரைக்கும்.

“ஆளு அதே ஆளு தொரை. சீட்டுத்தான் பழசு. இதுக்குள்ள கள்ளன் இருந்தா போறது இந்தப் பழைய மெஷின். இதைத் திறக்காம விட்டா போறது இருவத்திரண்டு காம்பரா” என்று சொல்லி யெஸ் அமத்தினேன்.

மலை வந்தது. கடிகார முள் ஓடியது. மழை நூற்று நாற்பத்து மூன்று. வெடிப்புக் கம்பி சிவப்பு.

சின்னதுரை போனை எடுத்தார். “பெக்டரியா? சங்கை ஊதுங்க. நான்தான் சொல்றேன். ராமையா இல்லை, நான்.” அந்தக் கடைசிச் சொல்லுக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

சங்கு ஊதும்போது நான் லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

“சங்கூதி கெளம்பிட்டாருய்யா!”

“பச்சைன்னுதானே காலையில ஆபீஸ்ல சொன்னாங்க? கறி அடுப்புல கெடக்குது, போங்கண்ணே.”

 இவர்களிடம் அப்லெட் என்பேனா, துண்டு என்பேனா? பாக்கியம் எங்கள் காம்பராவிலிருந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். அந்தச் சுர்ரென்ற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இந்த மனுசன் பயப்படுறதை இருவத்தஞ்சு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு மூஞ்சைப் பாருங்க. பயப்படலை. அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் போறேன்.”

அவள் ஏறத் தொடங்கினாள். பக்கத்துக் காம்பரா ஏறியது. அதற்கடுத்தது ஏறியது. முணுமுணுத்துக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும் ஏறினார்கள். திட்டட்டும். நான் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, கடைசியாக ஏறினேன். இரண்டு தடவை பார்த்தேன். என் வழக்கம் அது.

கோயில் மண்டபத்தில், வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா பெரட்டு எடுத்தார். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவது போலத்தான், ஆனால் அன்று கைக்குழந்தை வரை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கும் பதில் வராமல் இல்லை. பெரட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல்.

கடைசி நாலு காம்பரா போய்விட்டது. இருபதாவதும் அதில் ஒன்று. பாக்கியம் பானையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, “வெந்திருக்கு” என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அள்ளி வைத்தாள். கறி அடுப்பில் கிடக்கிறது என்று சொன்ன ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடையது இருபத்தொன்றாவது காம்பரா. பாக்கியம் நீட்டிய சோற்றை வாங்கிக்கொண்டார். பிறகு, “நல்லாத்தான் ஊதினீங்கண்ணே” என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு தம்பி எனக்கு விளக்கினார். புது மெஷினில் பிரவுசர் முந்தின நாள் தானாக அப்டேட் ஆகி, அப்லெட் ஓடுவதை நிறுத்திவிட்டது. சின்னதுரையின் மெஷினுக்கும் அதேதான். ஓடாத இடம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று, பக்கம் செய்தபோதே அங்கே ஒரு படத்தை வைத்திருந்தார்கள். சோதனை பார்த்த ஏதோ ஒரு நாளில் எடுத்த படம். பன்னிரண்டு மில்லிமீட்டர், பச்சை, பத்து பத்து.

“அழகுக்காக வச்சது ஐயா” என்றார்.

“வெறுமையா இருந்திருந்தா நான் காலையிலேயே ஓடியிருப்பேன் தம்பி” என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். நல்ல பிள்ளை. “படத்தை எடுத்துர்றோம். அந்த எடத்துல என்னா போடலாம், நீங்களே சொல்லுங்க” என்று பேனாவையும் தாளையும் நீட்டினார். எனக்கு வேர்த்தது. இங்கிலீஷில் எழுதத் தெரியாது என்றேன். தமிழில் எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மூன்று தடவை யோசித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாற்றிப் போட்டார்கள்.

அந்த அப்லெட் போய் ஃபிளாஷ் வந்தது. ஃபிளாஷும் போனது, ஸ்கிரிப்டில் எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் செய்கிற ஆட்கள் மாறினார்கள், பாஷை மாறியது. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தைத் திறந்து வைத்து நெட் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். என் வரி வந்தது.

இதையெல்லாம் கவிதாவிடம் சொல்லி முடித்தபோது ஆபீஸில் சிரிப்புச் சத்தம் இல்லை. அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

“இப்ப துண்டை பிரவுசரே பாத்துக்குதுண்ணே. வேலியும் அதுவே போட்டுருது. இது வேலியைத் தாண்டி எதையும் தொட ஏலாது.”

“அது சரி. ஓடாட்டி?”

அவள் புரிந்துகொண்டாள். பக்கம் திறந்திருக்கும்போதே போனில் டேட்டாவை நிறுத்தினாள். மலை இல்லை. முள் இல்லை. வெள்ளைத் திரையில் மூன்று பாஷையில் சிவப்பு எழுத்து. தமிழ் வரி மேலே இருந்தது.

இப்போது தெறியவில்லை. மழைமானியைப் போய்ப் பாருங்கள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கவிதா தயங்கினாள். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ‘தெரியவில்லை’க்குச் சின்ன ர வரணும். இத்தனை வருசமா அப்புடியே எடுத்து எடுத்துப் போட்டிருக்காங்க. கொழும்புக்கு எழுதித் திருத்தச் சொல்லவா, இல்லை ஒங்க எழுத்து அப்புடியே இருக்கட்டுமா?”

“திருத்தச் சொல்லும்மா” என்றேன். “ஆனா திருத்தி முடிஞ்சதும் நெட்டை நிறுத்தி ஒரு தடவை பாத்துரு, வருதான்னு.”

கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

“ரெண்டு தடவை பாரு.”